விமானநிலையத்துக்கு அருகில் எங்கே சாப்பிடலாம்? சிறுவிமான ஓட்டிகளுக்கான தளமொன்றை அமைக்க ஆலோசனை தேவை

தெகிவளை நிரலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்தில் இணையச் செயலிகளை எழுதுவது என் தொழில். வேலைநேரத்துக்கு வெளியே, வருமானம் எதையும் எதிர்பாராமல், ஒரு சிறிய தளத்தை அமைக்க விரும்புகிறேன். இந்த எண்ணம் என் மைத்துனரிடமிருந்து வந்தது. அவர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கிறார்; தனியார் விமானி உரிமம் பெற்று, வார இறுதிகளில் நான்கு இருக்கைகள் கொண்ட செஸ்னா 172 விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். அங்கும் அமெரிக்காவிலும் சனி, ஞாயிறு காலைகளில் ஏதேனும் ஒரு சிறு விமானநிலையத்துக்குப் பறந்து சென்று, அங்கேயோ அதன் அயலிலோ சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது விமானிகளின் நெடுநாள் வழக்கம். ‘நூறு டொலர் ஹம்பேர்கர்’ என்று அதற்கு ஒரு வேடிக்கைப் பெயரும் உண்டு: சாப்பாட்டுக்குக் கொடுப்பது சொற்பம், அதைத் தேடிப் போன எரிபொருளுக்கும் விமான வாடகைக்கும் கொடுப்பதே பெரிது. இன்றைய விலைவாசியில் நூறு டொலருடன் அந்தக் காலையுணவு முடிவதில்லை என்பது மைத்துனரின் முறைப்பாடு.

அவருடைய தேவை எளிமையானது. தான் புறப்படும் இடத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ள விமானநிலையங்களில், விமானத்தை நிறுத்திவிட்டு நடந்தே போய்ச் சாப்பிடக்கூடிய, அந்த நேரத்தில் திறந்திருக்கும் உணவகம் எங்கெங்கே உண்டு என்பதை ஒரே பார்வையில் அறிய வேண்டும். பொதுவான வரைபடச் செயலிகளில் ஒவ்வொரு விமானநிலையமாகத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. விமானிகளுக்கென்று ஏற்கெனவே உள்ள பட்டியல்களிலோ, மூடி வெகுகாலமான கடைகள் இன்னும் பாராட்டுகளுடன் நிற்கின்றன.

வரைபடத்தை வரைவதும் தேடல் பெட்டி வைப்பதும் எனக்குச் சிரமமில்லை. விமானநிலையங்களின் தரவையும் உணவகங்களின் தரவையும் எங்கிருந்து சட்டப்படி பெறுவது என்பதும், ‘அருகில்’ என்பதை எத்தனை கிலோமீற்றர் என்று வரையறுப்பது என்பதும்தான் என் கேள்விகள். இலங்கை விமானநிலையங்களையும் தொடக்கத்திலேயே சேர்க்கலாமா என்றும் யோசிக்கிறேன். செலவு என் கைப்பணம். டொலரில் மாதந்தோறும் கட்டணம் கேட்கும் சேவை எதையும் நான் தாங்கமாட்டேன்.


கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

தரவுப் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். விமானநிலையங்களுக்கு ‘அவர் எயார்போர்ட்ஸ்’ என்ற திறந்த தொகுப்பு போதுமானது. டேவிட் மெகின்சன் என்பவர் 2007இல் தொடங்கிய அத்தொகுப்பு பொதுவுடைமையாக விடப்பட்டிருப்பதால், பிரதி எடுக்கவும் மாற்றவும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. நாள்தோறும் புதுப்பிக்கப்படும் சிஎஸ்வி கோப்புகளாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைகளாக, அது கிடைக்கிறது. உலகம் முழுவதற்குமாக 70,000க்கும் மேற்பட்ட வரிசைகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றிலும் வகை, பெயர், அகலாங்கு, நெட்டாங்கு, கடல்மட்டத்திலிருந்து உயரம், நாடு, குறியீடுகள் ஆகியவை இருக்கும். இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டு மகிழ வேண்டாம், உங்கள் முதல் வேலை அதில் பெரும்பகுதியைக் கழித்துவிடுவதே. மருத்துவமனைக் கூரைகளில் உள்ள ஹெலிகொப்டர் தளங்கள், மூடப்பட்ட ஓடுபாதைகள், ஒருவருடைய பண்ணைக்குள் இருக்கும் புல்தரைகள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. முதல் இரண்டையும் வகைப் பத்தியைக் கொண்டே நீக்கிவிடலாம். தனியார் புல்தரைகளைப் பிரிப்பதற்கு அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வத் தரவு தேவைப்படும். அமெரிக்காவில் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதை 28 நாட்களுக்கு ஒருமுறை இலவசமாக வெளியிடுகிறது. அங்குள்ள ஏறத்தாழ 20,000 இறங்குதளங்களில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடியவை 5,000 அளவுதான்.

உணவகங்களைப் பொறுத்தவரை, முதலில் எல்லோருக்கும் தோன்றுவது கூகிள். அதன் தரவு செழிப்பானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதன் நிபந்தனைகளின்படி ஓர் இடத்தின் அடையாளக் குறியை மட்டுமே நீங்கள் காலவரையின்றிச் சேமிக்கலாம். ஆயத்தொலைவுகளை 30 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது, கடையின் பெயர், நேரம், விமர்சனங்கள் ஆகியவற்றை உங்கள் தரவுத்தளத்தில் தொகுத்து வைக்கவும் முடியாது. பார்வையாளர் வரும்போதெல்லாம் அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்கும் எண்ணிக்கை கூடினால் கட்டணமும் கூடும். கைப்பணத்தில் நடக்கும் தளத்துக்கு அது ஒத்துவராது. ஆகவே தொண்டர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உணவகம், கோப்பிக்கடை, விரைவுணவுக் கடை ஆகியவற்றுக்கு அதில் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு. பல இடங்களில் திறக்கும் நேரமும் பதிவாகியிருக்கும். பங்களித்தோருக்கு உரிய நன்றிக்குறிப்பைப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்பதும், அந்தத் தரவை மாற்றி உருவாக்கும் தரவுத்தளத்தை வெளியில் பயன்படுத்தினால் அதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பதுமே நிபந்தனைகள்.

கணக்கிடும் முறையில் ஒரு விடயத்தை வலியுறுத்துவேன். பார்வையாளர் ஒவ்வொருவருக்காகவும் அந்த வரைபடத் தரவைத் தேடித் தரும் ஓவர்பாஸ் போன்ற பொது வழங்கிகளிடம் கேள்வி அனுப்பாதீர்கள்; அவை நன்கொடையில் நடப்பவை, நாளொன்றுக்கு 10,000 கேள்விகளுக்குள் நில்லுங்கள் என்பதே அங்குள்ள பொது வழிகாட்டல். விமானநிலையம் இடம்பெயர்வதில்லை, உணவகமும் மணிக்கொரு தடவை நகர்வதில்லை. ஆகவே ஒன்ராறியோ மாகாணத்துக்கான தரவுக்கோப்பை அதே தரவைப் பிரதேசவாரியாகப் பிரித்துத் தரும் ஜியோஃபாப்ரிக் தளத்திலிருந்து வாரத்துக்கு ஒருமுறை தரவிறக்கி, உங்கள் கணினியிலேயே ஒவ்வொரு விமானநிலையத்துக்கும் அண்மையில் உள்ள கடைகளைக் கணித்து, விமானநிலையத்துக்கு ஒரு சிறு கோப்பாக எழுதி வைத்துவிட்டால், தளம் முழுவதும் நிலையான பக்கங்களாகவே, அதாவது முன்கூட்டியே எழுதி வைத்த பக்கங்களாகவே இருக்கும். அத்தகைய பக்கங்களை இலவசமாக ஏற்கும் சேவைகள் பல உண்டு. தளத்தின் இணைய முகவரியான களப்பெயருக்கு ஆண்டுக்கொருமுறை கட்டுவதைத் தவிர உங்களுக்குச் செலவே இராது. தூரக் கணக்குக்குப் பெரிய தரவுத்தள மென்பொருள்கூடத் தேவையில்லை. அகலாங்கில் ஒரு பாகை 60 கடல்மைல் (ஒரு கடல்மைல் ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர்). முதலில் ஒரு சதுரத்துக்குள் வருவனவற்றைப் பொறுக்கி, பிறகு அவற்றுக்கு மட்டும் கோளத் தூரச் சூத்திரத்தைப் போட்டால் போதும். கொழும்பை அடுத்த இரத்மலானை விமானநிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமானநிலையம் மூன்று பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் வடக்கே இருப்பதால், 180 கடல்மைலுக்குச் சற்றுக் குறைவு என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.


தரைக்கட்டுப்பாடு எழுதியது:

தம்பி, ‘அருகில்’ என்பதை எத்தனை கிலோமீற்றர் என்று வரையறுப்பது எனக் கேட்டிருந்தீர்கள். கிலோமீற்றரை வைத்து வரையறுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. நான் இரத்மலானையில் பறக்கத் தொடங்கி, பின்னர் அமெரிக்காவில் பறப்பு மணித்தியாலங்களைச் சேர்த்தவன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

தரவுத்தொகுப்பில் ஒரு விமானநிலையத்துக்குக் கொடுக்கப்படும் அகலாங்கும் நெட்டாங்கும் பொதுவாக ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டிய ஒரு புள்ளி. அங்கே எவரும் விமானத்தை நிறுத்துவதில்லை. கட்டுநாயக்காவின் ஓடுபாதை 3,350 மீற்றர் நீளமானது. அதன் நடுவில் ஒரு புள்ளியைக் குத்தி, அதிலிருந்து ஒரு கிலோமீற்றர் வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் பெரும்பகுதி வேலிக்கு உள்ளேயே முடிந்துவிடும். இரத்மலானையை எடுத்துக்கொள்ளுங்கள், தெகிவளையில் இருக்கும் உங்களுக்கு அது பழகிய இடம். அதன் ஒரு பக்கத்தில் காலி வீதிக் கடைகள், மறு பக்கத்தில் அத்திடிய. மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்கக் கடைகளும் ஓடுபாதைக்கு ஏறத்தாழ ஒரே தூரம். தரையில் நிற்பவனுக்கோ, வாயில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கடைகள் மட்டுமே கடைகள். மற்றவற்றுக்கு வளாகத்தை முழுதாகச் சுற்ற வேண்டும், அதற்கு ஓட்டோ பிடிக்க வேண்டும்.

உங்கள் மைத்துனருக்குத் தெரிந்த உதாரணமும் ஒன்று உண்டு. ரொறன்ரோ நகரின் பில்லி பிஷப் விமானநிலையம் தீவில் இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் நகரக் கரையின் உணவகங்கள் மிக அருகில், இடையிலோ தண்ணீர். படகிலோ, 2015இல் திறக்கப்பட்ட நடைபாதைச் சுரங்கத்திலோதான் கடக்க வேண்டும். உங்கள் நிரல் அதை அறியாது. இதற்கு நேரெதிரான உதாரணம் கலிபோர்னியாவுக்கு அப்பால் உள்ள கற்றலினா தீவு. அங்கே ஓடுபாதை மலையுச்சியில், 1,602 அடி உயரத்தில் இருக்கிறது. அவலோன் ஊர் வீதிவழியாக ஏறத்தாழ 10 மைல் தொலைவில். ஊரின் உணவகங்கள் எவையும் விமானிக்குப் பயன்படா, ஆனாலும் விமானநிலையத்திலேயே உள்ள சிறு உணவகத்தின் பைசன் எனும் அமெரிக்கக் காட்டெருதின் இறைச்சி ஹம்பேர்கருக்காகவே தெற்குக் கலிபோர்னியா விமானிகள் கடல் கடந்து போகிறார்கள். இந்த இரண்டையும் ஒரே வட்டத்தால் அளப்பது எப்படி?

ஆகவே ஒவ்வொரு விமானநிலையத்துக்கும் நீங்களே ஒரு புள்ளியைக் கையால் குறிக்க வேண்டும்: வெளியூர் விமானங்கள் நிறுத்தப்படும் இடத்திலிருந்து நடந்து வருபவன் வேலியைக் கடக்கும் வாயில். அந்தப் புள்ளியிலிருந்து நடைபாதைவழியைக் கணிக்கும் நிரலை ஓடவிட்டு, நடக்கும் நிமிடத்தைக் காட்டுங்கள். திறந்த தொகுப்புகளில் இத்தகைய வாயில் எது என்ற விவரம் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. உங்கள் தளத்துக்கென்று சொந்தமாக ஒரு மதிப்பு உண்டானால் அது இந்த ஒற்றைப் புள்ளியில்தான் உண்டாகும், மற்றவை யாவும் எவரும் தரவிறக்கிக்கொள்ளக்கூடியவை. வாயிலோடு சேர்த்து இன்னும் ஒரு தகவலையும் எழுதுங்கள்: திரும்பி உள்ளே வருவதற்குக் குறியீட்டு எண் தேவையா, அதை யாரிடம் கேட்பது. எண்ணை மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள், அது பாதுகாப்பு விடயம். அமெரிக்காவின் பல சிறு நிலையங்களில், எரிபொருள் நிரப்பும் நிறுவனத்தார் வருகின்ற விமானிகளுக்கு ஒரு பழைய காரை இலவசமாகவோ, எரிபொருள் போட்டுத் தந்தால் போதும் என்ற பேச்சிலோ சிறிது நேரத்துக்குக் கொடுப்பார்கள். அந்த வசதி இருந்தால் மூன்று கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கடையும் அருகில்தான். இல்லாவிட்டால் நடைபாதையற்ற நெடுஞ்சாலைக்கு அப்பால் அரைக் கிலோமீற்றரில் இருக்கும் கடையும் தூரந்தான்.

தேடலில் ஒரு வசதியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். ‘எனக்கு மிக அருகில்’ என்பதை மட்டுமல்ல, ‘குறைந்தது இவ்வளவு தூரத்துக்கு அப்பால்’ என்பதையும் கேட்க இடம் வேண்டும். அமெரிக்க விதிகளின்படி, தனியார் உரிமம், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான கருவிப் பறப்புத் தகுதி, வணிக உரிமம் ஆகியவற்றுக்கான நெடும்பறப்பு மணித்தியாலமாகக் கணக்கில் வருவதற்கு, புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல்மைலுக்கு மேற்பட்ட இடத்தில் தரையிறங்க வேண்டும். மணித்தியாலம் சேர்க்கும் இளையவர்கள் 48 கடல்மைலில் உள்ள நல்ல கடையை விட்டுவிட்டு 52 கடல்மைலில் உள்ள சுமாரான கடைக்குப் போவார்கள். செஸ்னா 172 அந்தத் தூரத்தை ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் கடந்துவிடும். அவர்கள்தாம் உங்கள் தளத்துக்கு ஒவ்வொரு வாரமும் வரப்போகிறவர்கள்.

இலங்கையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இங்கே சொந்தப் பொழுதுபோக்குக்காகப் பறப்பவர்கள் மிகச் சிலர்; பலாலியும் திருகோணமலையின் சீனக்குடாவும் படைத்தளங்களோடு ஒட்டியவை, முன்னனுமதியின்றி இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வரக்கூடிய இடங்கள் அல்ல. பலாலியில் இறங்குபவர்க்கு யாழ் நகரின் கடைகள் பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பால். கூழுக்கும் ஒடியல் மாவுக்கும் ஏங்குபவர்கள் வாகனத்தில் போவதே வழி. ஆசைக்காகச் சேர்த்து, ஐந்தாறு பக்கங்களை வெறுமையாக வைத்திருப்பதைவிட, ஒன்ராறியோவை முழுமையாகச் செய்வது மேல்.


தெகிவளை நிரலர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணா சொன்ன வாயில் புள்ளியை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை; தேடல் பக்கத்தின் வடிவமே இதனால் மாறுகிறது. மைத்துனரும் அவருடைய பறப்புக் கழக நண்பர்களும் தங்களுக்குத் தெரிந்த நிலையங்களின் வாயில்களைக் குறித்துத் தர இணங்கியிருக்கிறார்கள். எஞ்சியிருப்பது திறக்கும் நேரமும், கடை இன்னும் இயங்குகிறதா என்பதும். பயனர்களைக் கணக்குத் திறக்க வைத்து விமர்சனம் எழுதவிடலாமா?


வெள்ளவத்தைச் சோதனையாளர் எழுதியது:

விமர்சனப் பகுதியைத் திறக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மென்பொருள் சோதனையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: கணக்கு, கடவுச்சொல், படம் ஏற்றுதல், குப்பைப் பதிவுகளை நீக்குதல் என்று ஒரு பொழுதுபோக்குத் தளத்தின் முழு உழைப்பையும் அந்த ஒரு பகுதி விழுங்கிவிடும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு கடையின் பக்கத்திலும் இரண்டு பொத்தான்களை மட்டும் வையுங்கள். ‘இன்று போனேன், திறந்திருந்தது’ என்பது ஒன்று. ‘மூடிவிட்டார்கள்’ என்பது மற்றொன்று. கடையின் பெயருக்குப் பக்கத்திலேயே, கடைசியாக ஒருவர் உறுதிப்படுத்திய திகதியைப் பெரிய எழுத்தில் காட்டுங்கள். ஐந்து நட்சத்திரங்களைவிட, சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒருவர் அங்கே சாப்பிட்டார் என்பதே விமானிக்குப் பயன்படும். ஓராண்டாக எவரும் உறுதிப்படுத்தாத கடையைப் பட்டியலின் அடிக்குத் தள்ளிவிடலாம்; நீக்கத் தேவையில்லை. இரண்டு வேறு பயனர்கள் மூடப்பட்டதாகச் சொன்னால் மட்டும் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரட்டும்.

திறக்கும் நேரத்தில் நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கல் அதிகம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் நேரங்கள் அந்தந்த இடத்தின் உள்ளூர் நேரத்திலேயே எழுதப்படுகின்றன. விமானிகளின் வானிலை அறிக்கைகளும் பறப்புத் திட்டங்களும் கிறீனிச்சை ஒட்டிய உலகப் பொதுநேரத்தில் இருக்கும். உங்கள் கணினியோ அதிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கும். ஒன்ராறியோவில் ஆண்டுக்கு இரு தடவை கடிகாரம் மாற்றப்படுகிறது, அம்மாகாணத்தின் மேற்கு ஓரம் வேறொரு நேர வலயத்தில் இருக்கிறது. கூட்டல் கழித்தலை நீங்களே நிரலில் எழுதாமல், நேர வலயங்களின் பொதுத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் முதலில் ஒரு மணித்தியாலமும் பிறகு அரை மணித்தியாலமுமாக இரு தடவை கடிகாரத்தை மாற்றி, 2006இல் பழைய நேரத்துக்கே திரும்பிய நாட்டில் இருந்துகொண்டு, நேர வேறுபாடு நிலையானது என்று நம்பி நிரல் எழுதக் கூடாது.

இன்னொன்று: ‘இப்போது திறந்திருக்கிறதா’ என்பது விமானியின் கேள்வியே அல்ல. அவர் வீட்டில் இருந்து பார்க்கும்போது காலை ஏழு மணி. அங்கே போய் இறங்கி, விமானத்தைக் கட்டிவைத்து, நடந்து சேரும்போது பத்தாகியிருக்கும். காலையுணவைப் பதினொரு மணியோடு நிறுத்திவிடும் கடைகள் அங்கே பல. ஆகவே சென்றடையும் நேரத்தை உள்ளிட இடம் கொடுங்கள். விமானநிலையத்தினருகே கைப்பேசிச் சமிக்ஞை பலவீனமாக இருக்கக்கூடும் என்பதால், ஒருமுறை திறந்த பக்கம் இணைப்பில்லாமலும் தெரியும்படி அமைப்பதும் நல்லது. நிலையான பக்கங்கள் என்றால் அது கடினமில்லை.


கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

அக்கா சொன்ன பொத்தான்களுக்காக மட்டும் ஒரு சிறு வழங்கிச் செயற்கூறு தேவைப்படும்; அதுவும் இலவச அளவுக்குள் அடங்கும். வாயில் புள்ளிகளையும் உறுதிப்படுத்திய திகதிகளையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து எடுத்த உணவகப் பட்டியலோடு ஒரே அட்டவணையில் கலந்துவிடாதீர்கள். தனி அட்டவணையில் வைத்து, அடையாள எண்ணால் மட்டும் இணையுங்கள். வாரந்தோறும் புதிய கோப்பு வரும்போது உங்கள் சொந்தப் பதிவுகள் அழியாமல் இருக்கும், எந்தத் தரவு எந்த உரிமத்துக்கு உட்பட்டது என்பதிலும் குழப்பம் வராது. மூடப்பட்ட கடைகளை உங்கள் தளத்தில் மட்டும் திருத்தாமல் மூல வரைபடத்திலும் மைத்துனரைக் கொண்டு திருத்திவிடுங்கள், அடுத்த வாரக் கோப்பில் அது தானாகவே சரியாகி வரும்.


தரைக்கட்டுப்பாடு எழுதியது:

ஒரு எச்சரிக்கையை முன்பே எழுதியிருக்க வேண்டும். உங்களிடம் உள்ள கோப்பில் ஓடுபாதை நீளம், மேற்பரப்பு, வானொலி அலைவரிசை எல்லாம் இருக்கும். அவற்றையும் பக்கத்தில் போட்டால் முழுமையாகத் தோன்றும் என்ற ஆசை வரும். போடாதீர்கள். கனடாவில் அத்தகைய விவரங்களுக்கு விமானிகள் நாடுவது 56 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் பறப்புத் துணைநூலை. ஓடுபாதை தற்காலிகமாக மூடப்பட்டதா என்பதை அன்றன்றைய அறிவித்தல்களில் பார்க்க வேண்டும். தொண்டர்கள் திரட்டிய தொகுப்பில் உள்ள ஒரு பழைய எண்ணை நம்பி எவரும் தரையிறங்கக் கூடாது. நிலையத்தின் பெயர், குறியீடு, வாயில், நடக்கும் நிமிடம், கடை, கடைசியாக உறுதிப்படுத்திய திகதி ஆகியவையே போதும். கீழே, பறப்புத் திட்டமிடலுக்கு இத்தளத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு வரி. ஒன்ராறியோவின் முதல் பட்டியல் தயாரானதும் இணைப்பை இங்கே இடுங்கள். வாயில்கள் சரியான பக்கத்தில்தான் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.